அத்தியாயம் 6: கையால் அடைத்த தோட்டா, நம்பத்தக்க குறி

கடைத் தோட்டாவை விட்டுவிட்டுத் தானே தோட்டா அடைக்கத் தொடங்கும் அமெரிக்க வேட்டைக்காரரிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் 'குறி துல்லியமாக விழும்' என்பதுதான். பதில் சரி. அந்தத் துல்லியம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலரும் தடம் மாறுகிறார்கள். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் ரகசியமாக ஒரு வெடிமருந்தளவு உண்டு, அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி மும்மூன்று தோட்டா சுட்டுப் பார்த்தால் அது அகப்பட்டுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. இந்த அத்தியாயம் வேறு வாதத்தை முன்வைக்கிறது. வேட்டை ரைஃபிளில் நல்ல குறி கிடைப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு: அந்தக் குழலுக்கு ஒத்துவரும் குண்டை (தோட்டாவின் முனையிலிருந்து பறந்து செல்லும் பகுதியை) தேர்ந்தெடுப்பது, தோட்டாவுக்குத் தோட்டா வேறுபாடு வராமல் அடைப்பது, முடிவெடுக்கப் போதுமான எண்ணிக்கையில் சுட்டுப் பார்ப்பது. மூன்றாவதை விட்டுவிட்டால் முதல் இரண்டும் நடந்தனவா என்பதே தெரியாமல் போகும்.

பேச்சு ஒரே தடத்தில் செல்வதற்காக, 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டாவையும், அதைச் சுடும் சாதாரண போல்ட் ரைஃபிளையும், வெள்ளைவால் மான் வேட்டையையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 1925இல் வந்த .270 வின்செஸ்டர், 1952இல் வந்த .308 வின்செஸ்டர், 2007இல் வந்த 6.5 கிரீட்மோர் ஆகியவற்றுக்கும் வாதம் அப்படியே பொருந்தும். சட்டத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் சொந்தப் பயனுக்குத் தோட்டா அடைக்கக் கூட்டரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால் தேவை. இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. தோட்டா தயாரிக்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆகவே இங்குச் சொல்லப்படுவது, வேட்டையும் தோட்டா அடைப்பும் சட்டப்படி நடக்கும் நாட்டில் வாழ்பவருக்கானது.

எவ்வளவு துல்லியம் தேவை?

துல்லியத்தைத் தேடிப் போகும் முன், எவ்வளவு தேவை என்று கணக்கிட வேண்டும். துப்பாக்கி உலகில், சுட்டவை சிதறி விழும் பரப்பை அளக்கும் அலகு கோண நிமிடம், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 கஜ தூரத்தில் அது 1.047 அங்குலம், பேச்சு வழக்கில் ஓர் அங்குலம். 300 கஜத்தில் மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியை ஏறத்தாழ 8 அங்குல வட்டமாகக் கொள்வது வழக்கம். பெஞ்சில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுடும்போது பத்துத் தோட்டாவும் 100 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் விழும் ரைஃபிள், 300 கஜத்தில் நாலரை அங்குலத்துக்குள் போடும். வேட்டைக்கு அது போதும். அரை அங்குலக் குரூப் (ஒரே குறியில் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்) கிடைக்காத ரைஃபிள் உருப்படாது என்று வருந்துபவர், காட்டில் தேவையே இல்லாத ஒன்றுக்காக வருந்துகிறார்.

வெவ்வேறு காரணங்களால் வரும் பரப்புகள் நேராகக் கூடுவதில்லை. அவற்றின் வர்க்கங்கள் கூடுகின்றன. உட்கார்ந்து சுடும் ஒருவரின் கை அசைவு மட்டும் 100 கஜத்தில் 4 அங்குலம் பரப்புகிறது, ரைஃபிளும் தோட்டாவும் சேர்ந்து 1.5 அங்குலம் பரப்புகின்றன என்று வைப்போம். மொத்தம் 5.5 ஆகாது, 4.3 அங்குலந்தான். இவர் குளிர்காலம் முழுவதும் உழைத்துத் தோட்டாவின் பரப்பை 1.5இலிருந்து 1 அங்குலமாகக் குறைத்தால் மொத்தம் 4.1 ஆகும். அந்த உழைப்பில் பாதியைச் சுடும் நிலைகளைப் பழகுவதில் செலவிட்டு, கை அசைவை 3 அங்குலமாகக் குறைத்தால் மொத்தம் 3.4க்கு இறங்கும். பெரிய காரணம் இருக்கும் இடத்தில் கை வைக்காமல் சிறிய காரணத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பதில் பலன் இல்லை. தோட்டா அடைப்பின் ஒவ்வொரு படியிலும் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் தோட்டாவைப் பற்றிக் கவலையே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். காயத்தோடு ஓடி, கண்ணில் படாமல் புதருக்குள் மணிக்கணக்கில் துடித்துச் சாகும் விலங்கு, வேட்டைக்காரர் தன் எல்லையை அறியாததன் விளைவு. உயிரை எடுக்கத் துணிந்தவர் அதை விரைவாகவும் உறுதியாகவும் எடுக்கும் கடமைக்கு உட்பட்டவர். அவருக்குத் தேவையானது பெருமைக்குரிய சிறிய குரூப் அன்று. தன் தோட்டா எவ்வளவு விலகும் என்பதைப் பற்றிய பொய்யில்லாத அறிவு. கையால் அடைத்த தோட்டாவின் உண்மையான மதிப்பு இந்த அறிவைத் தருவதில்தான் இருக்கிறது.

மூன்று ஓட்டை ஏன் ஏமாற்றுகிறது

ஒரு ரைஃபிள் தன் இயல்பில் 100 கஜத்தில் சராசரியாக ஓர் அங்குல மூன்று தோட்டாக் குரூப் போடுகிறது என்று கொள்வோம். தோட்டாவையும் ரைஃபிளையும் சுடுபவரையும் எதையும் மாற்றாமல் மும்மூன்றாகச் சுட்டுக்கொண்டே போனால், ஒரு தாளில் 0.5 அங்குலமும் இன்னொரு தாளில் 1.6 அங்குலமும் வருவது சர்வசாதாரணம். மூன்று தோட்டாக் குரூப்பின் அளவு சராசரியிலிருந்து முப்பத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் தற்செயலாகவே ஊசலாடும் என்பது நிகழ்தகவுக் கணக்கில் தெளிவாக வரும் முடிவு. பகடையை மூன்று முறை உருட்டி இரண்டு ஆறு விழுந்ததும், அது ஆறு மட்டுமே விழும் பகடை என்று யாரும் முடிவு கட்டமாட்டார்கள். இலக்குத் தாளில் மூன்று ஓட்டை ஒட்டி விழுந்தால் மட்டும் அந்த நிதானம் காணாமல் போகிறது.

இதன் விளைவு மருந்தளவுத் தேடலில் அப்பட்டமாகத் தெரியும். பத்து வெவ்வேறு மருந்தளவில் மும்மூன்று தோட்டா அடைத்து முப்பதையும் சுடுவது வழக்கமான முறை. பத்துக் குரூப்பில் மிகச் சிறியது அரை அங்குலம், மிகப் பெரியது ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. சிறியதைப் போட்ட அளவைக் குறித்துக்கொண்டு, 'என் ரைஃபிளுக்கு இதுதான் பிடிக்கிறது' என்று தோட்டாப் பெட்டியில் எழுதுகிறார்கள். ஆனால் முப்பது தோட்டாவையும் ஒரே மருந்தளவில் அடைத்துப் பத்துக் குரூப்பாகச் சுட்டிருந்தாலும், சிறியதும் பெரியதும் ஏறக்குறைய இதே அளவில்தான் வந்திருக்கும். மூன்று மடங்கு வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தும், அது மருந்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அதே 'சிறந்த' அளவில் மறுபடி சுட்டால் குரூப் ஓர் அங்குலத்துக்குத் திரும்பிவிடுகிறது. அதற்குக் காற்றையும் வெயிலையும் தன் கையையும் குறை சொல்லிவிட்டு மீண்டும் தேடத் தொடங்குகிறார்கள்.

பத்துத் தோட்டாவாகச் சுட்டால் குரூப் பெரிதாகத்தான் தெரியும். மூன்றில் சராசரியாக ஓர் அங்குலம் போடும் ரைஃபிள் பத்தில் ஏறத்தாழ 1.6 அங்குலம் போடும். மனம் சுருங்கினாலும் இந்த எண்ணையே ஏற்க வேண்டும். பத்துத் தோட்டாக் குரூப்பின் தற்செயல் ஊசலாட்டம் இருபது விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அப்போதும்கூட 1.4, 1.7 என்ற இரண்டு குரூப்களுக்கு நடுவே எது மேல் என்று சொல்ல முடியாது. குரூப்பின் நடுவிலிருந்து ஒவ்வோர் ஓட்டைக்கும் உள்ள தூரத்தை அளந்து சராசரி எடுத்தால் இன்னும் நல்லது. ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியுள்ள இரண்டு ஓட்டைகளை மட்டும் பார்க்காமல் பத்தையும் அது கணக்கில் சேர்க்கும். ஹார்னடி நிறுவனத்தின் பொறியாளர்களே அண்மை ஆண்டுகளில் பொதுவெளியில் இதை வலியுறுத்தி, இருபது முப்பது தோட்டா கொண்ட குரூப்களைப் பரிந்துரைக்கிறார்கள்.

ஸ்கோப்பைத் திருத்துவதிலும் இதே பிழை நேர்கிறது. மூன்று தோட்டாவின் நடுப்புள்ளி, உண்மையான நடுவிலிருந்து ஒவ்வொரு திசையிலும் கால் அங்குலம் தள்ளி இருப்பது சாதாரணம். ஸ்கோப்பின் ஒரு கிளிக்கும் பெரும்பாலும் 100 கஜத்தில் கால் அங்குலந்தான். மூன்று சுட்டு இரண்டு கிளிக் வலப்பக்கம், மறுபடி மூன்று சுட்டு ஒரு கிளிக் இடப்பக்கம் என்று திருகுபவர் தற்செயலைத் துரத்துகிறார். பத்து சுட்ட பிறகு ஒரே ஒரு முறை திருத்தினால் போதும்.

முதலில் ரைஃபிள்

தோட்டாவைக் குறை சொல்வதற்கு முன் ரைஃபிளைச் சோதிக்க வேண்டும். வர்க்கங்களின் கணக்குப்படி பெரிய பிழைகள் இங்குதான் ஒளிந்திருக்கும். ஸ்கோப்பின் அடித்தளத் திருகுகளும் வளையத் திருகுகளும் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கில் இருக்கின்றனவா, ரைஃபிளைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா, குழல் எங்காவது கட்டையில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். மெல்லிய வேட்டைக் குழல் நாலைந்து தோட்டாவிலேயே சூடேறிவிடும். இடைவெளி விட்டுச் சுட வேண்டும். குழலின் வாய்விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது அவசியம். குண்டு வெளியேறும் கணத்தில் பின்னாலிருக்கும் வாயு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பீறிட வேண்டும். விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் வாயு அங்கே முந்திக்கொண்டு குண்டின் அடியைத் தள்ளிவிடும்.

குண்டின் அடிக்கும் இதே நியாயம் பொருந்தும். மாசசூசெட்ஸ் மாநிலத்து மருத்துவர் ஃபிராங்க்ளின் மேன் பல ஆண்டுகள் பரிசோதனை செய்து 1909இல் வெளியிட்ட நூல் இதைத் தெளிவாகக் காட்டியது. வேண்டுமென்றே நுனி சிதைக்கப்பட்ட குண்டுகள் பெரிதாக விலகவில்லை. அடி சிதைந்தவை வெகுவாக விலகின. ஈய நுனி சற்று நசுங்கிய குண்டைத் தூக்கி எறிபவர்கள், தோட்டாவின் பித்தளைக் கூட்டின் வாயில் சுரண்டப்பட்டு அடி கீறிய குண்டைக் கவனிக்காமல் அடைத்துவிடுகிறார்கள். எதற்குக் கவலைப்படுவது, எதை விட்டுவிடுவது என்பதை ஊகத்தால் அறிய முடியாது. சோதித்தே அறிய வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

குண்டுதான் பெரிய முடிவு

கையால் அடைப்பவரின் கையில் இருக்கும் மிகப் பெரிய நெம்புகோல் குண்டின் தேர்வு. ஒரே ரைஃபிளில் இரண்டு வெவ்வேறு குண்டுகளுக்கு இடையே வரும் வேறுபாடு பத்துத் தோட்டாவில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருப்பதுண்டு. ஒரே குண்டில் மருந்தைக் கொஞ்சம் மாற்றுவதால் வரும் வேறுபாடு அப்படித் தெரிவது அரிது. எனவே பத்து மருந்தளவைத் தேடுவதற்குப் பதிலாக மூன்று குண்டுகளைத் தேடுங்கள். மானுக்குள் சரியாக விரிந்து ஆழமாகப் பாயும் குண்டாக இருக்க வேண்டும் என்பது முதல் வடிகட்டி. இலக்குத் தாளுக்கென்றே செய்யப்படும் குண்டுகள் எவ்வளவு அழகான குரூப் போட்டாலும் வேட்டைக்கு ஆகாது. ஜான் நோஸ்லர் 1940களின் பிற்பகுதியில், உள்ளே செம்புத் தடுப்பு வைத்த குண்டை உருவாக்கியதற்குக் காரணமும் இதுதான்: பெரிய விலங்கின் உடலில் பட்டதும் உதிர்ந்துபோகாத குண்டு அவருக்குத் தேவைப்பட்டது.

குழலின் உள்ளே உள்ள சுருள்வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்பது இரண்டாவது வடிகட்டி. .30-06இல் பொதுவாகப் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு நிலைகுலையாமல் பறக்கத் தேவையான சுழற்சியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் நீளம். இது இன்று முக்கியமாகிவிட்டது. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவை முற்றிலும் தடை செய்திருக்கிறது. பிற இடங்களிலும் ஈயத்தை விட்டு முழுச் செம்புக் குண்டுக்கு மாறுபவர்கள் பெருகியிருக்கிறார்கள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். மெதுவான சுழற்சி உள்ள குழலில் அது தடுமாறக்கூடும். ஈயத்தில் 180 கிரெயின் (எடை அலகு) குண்டு பழகியவர் செம்பில் 150 அல்லது 165 கிரெயினுக்கு இறங்குவது நியாயமான தொடக்கம்.

வேறுபாடு வராமல் அடைப்பது

குண்டைத் தேர்ந்த பிறகு வேலை ஒன்றுதான்: எல்லாத் தோட்டாவும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பித்தளைக் கூடுகள் ஒரே நிறுவனத்தின் ஒரே லாட்டை (தயாரிப்புத் தொகுதியை) சேர்ந்தவையாக இருக்கட்டும். கூட்டின் சுவர் தடிமனாக இருந்தால் உள்ளே கொள்ளளவு குறையும். அதே மருந்து அதிக அழுத்தம் தரும். பலவகைக் கூடுகளைக் கலந்துவிட்டு மருந்தைப் பத்தில் ஒரு கிரெயினுக்கு நிறுப்பது வீண்.

கூட்டை மறுவடிவம் செய்யும் படியைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். சுடும்போது கூடு உப்பி, ரைஃபிளின் தோட்டா அறைக்குள் அச்சில் வார்த்ததுபோல் படிகிறது. அதைப் பிரஸ் இயந்திரத்தில் பொருத்திய டை என்னும் அச்சுக்குள் செலுத்தி மறுபடி சுருக்க வேண்டும். பலர் டையைப் பிரஸ்ஸின் தலைவரை இறக்கி முறுக்கிவிட்டு, கூட்டின் கழுத்துக்குக் கீழுள்ள சரிவான தோளைத் தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்படிச் செய்த கூடு ஒவ்வொரு முறை சுடும்போதும் முன்பின்னாக நீண்டு, சில முறைகளிலேயே அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே உள்சுவர் மெலிந்து, கடைசியில் வட்டமாகப் பிளக்கிறது. சரியான முறை இது: அந்த ரைஃபிளிலேயே சுட்ட கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைக் கழற்றிவிட்டு, காலிப்பரில் தோளை அளக்கும் துணைக்கருவியைப் பொருத்தி, அடியிலிருந்து தோள்வரை உள்ள அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். டையைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து, தோள் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் பின்வாங்கும் இடத்தில் டையைப் பூட்டிவிடுங்கள். போல்ட் தடையில்லாமல் மூடும், கூடும் நீண்ட காலம் உழைக்கும். கழுத்தை மட்டும் சுருக்கினால் குறி கூடும் என்ற பழைய கருத்தை வேட்டைக்காரர் பின்பற்றக் கூடாது. சில சுடுகைக்குப் பிறகு கூடு இறுகி, குளிரில் கையுறையோடு போல்ட்டை மூட முடியாமல் நிற்கும் நிலை வரும்.

மற்ற படிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். .30-06 கூட்டின் உச்ச நீளம் 2.494 அங்குலம், மீறினால் 2.484க்கு வெட்டிவிட வேண்டும். வெட்டிய வாயின் உள்விளிம்பை லேசாகச் சரிவாக்கினால் குண்டின் அடி சுரண்டப்படாது. மருத்துவர் மேனின் பாடம் இங்கே கைக்கு வருகிறது. பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றே உள்ளே, குழியின் தளத்தைத் தொட்டு அமர வேண்டும். மருந்தைப் பத்தில் ஒரு கிரெயின் நுட்பத்துக்கு நிறுத்தால் போதும். குண்டைச் சுருள்வரியின் தொடக்கத்துக்கு அங்குலத்தில் நூறில் இரண்டு பங்கு முன்னதாக நிறுத்துவது ஈயக் குண்டுக்கு வழக்கமான தொடக்கம். முழுச் செம்புக் குண்டுக்கு நூறில் ஐந்து பங்கிலிருந்து தொடங்கலாம். எப்படியானாலும் மொத்த நீளம் மேகசினுக்குள் தடையின்றி ஏறி இறங்க வேண்டும். .30-06க்கு வகுத்துள்ள உச்ச நீளம் 3.340 அங்குலம்.

திசைவேகத்தைப் பற்றிய கவலைக்கும் அளவு உண்டு. 180 கிரெயின் குண்டு வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்புகிறது என்போம். ஒரு தோட்டாவுக்கும் இன்னொன்றுக்கும் 50 அடி வித்தியாசம் இருந்தால் 100 கஜத்தில் குறி மாறுவது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. 300 கஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம். ஆயிரம் கஜத்தில் சுடுபவருக்கு இது தலைவலி. மான் வேட்டைக்காரருக்கு அன்று. மேலும், ஐந்து தோட்டா சுட்டு வேகமானியில் திட்ட விலக்கம் 10 அடி என்று வந்தால், உண்மையான மதிப்பு 6 முதல் 29 வரை எதுவாகவும் இருக்கலாம். மூன்று ஓட்டையை நம்பியதுபோல அந்த எண்ணையும் நம்பக் கூடாது. வேகமானியின் முதன்மையான பயன் வேறு: எதிர்பார்த்ததைவிட வேகம் அதிகமாக வந்தால் அழுத்தமும் அதிகம் என்று எச்சரிக்கும்.

அழுத்தத்தில் சமரசம் இல்லை

துல்லியத்துக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க எந்த நியாயமும் கிடையாது. அமெரிக்கத் தோட்டா, துப்பாக்கித் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான சாமி (SAAMI) .30-06க்கு வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அத்தகைய அழுத்தம் சுடுபவரின் கன்னத்துக்குச் சில அங்குல தூரத்தில் எழுகிறது. மருந்தளவை மருந்து அல்லது குண்டு தயாரிப்பாளரின் நடப்புக் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். நண்பர் சொன்ன அளவு, நினைவில் உள்ள அளவு எதுவும் ஆகாது. கையேட்டின் தொடக்க அளவில் ஆரம்பித்துப் படிப்படியாகவே ஏற வேண்டும். குண்டையோ கூட்டையோ பிரைமரையோ மருந்தின் லாட்டையோ மாற்றினால் மறுபடி கீழிருந்து வர வேண்டும். பிரைமர் தட்டையாவது, போல்ட் கடினமாவது போன்ற அறிகுறிகள் தெரியாததால் அழுத்தம் சரி என்று கொள்வது ஆபத்தான தவறு. அவை தெரியும்போது பெரும்பாலும் எல்லையைத் தாண்டிவிட்டிருக்கும்.

மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே மருந்துக் குப்பிதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சம் அதன் சொந்தக் குப்பிக்கே திரும்ப வேண்டும். குண்டை அமர்த்துவதற்கு முன் எல்லாக் கூட்டின் உள்ளும் விளக்கடித்துப் பார்த்தால் இரட்டை மருந்தும் வெற்றுக் கூடும் தப்பாமல் தெரியும். பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும், வேலைக்குப் பின் கை கழுவுவதும், அருகே நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொள்வதும் பழக்கமாக வேண்டும். வெப்பநிலையையும் மறக்கலாகாது. குளிரில் உச்ச அளவில் தயாரித்த தோட்டா கொளுத்தும் வெயிலில் அழுத்தம் கூடிப்போகலாம். ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எச்4350, வார்கெட் போன்ற மருந்துகள் வெப்பநிலைக்கு அதிகம் அசையாதவையாகப் பெயர் பெற்றவை. உச்ச அளவுக்குச் சற்றுக் கீழே நிற்பது எல்லா மருந்துக்கும் நல்லது. இழப்பது வினாடிக்குச் சில பத்து அடி. அது மானுக்குத் தெரியாது.

எழும் மறுப்புகள்

'வேட்டையில் சுடுவது ஒரே தோட்டா, அதுவும் குளிர்ந்த குழலில், பத்து எதற்கு?' என்பது முதல் மறுப்பு. அந்த ஒன்று எங்கே விழக்கூடும் என்பதைச் சொல்வதுதான் பத்துத் தோட்டாக் குரூப். ஒரு தோட்டா எங்கே விழுந்தது என்று பார்த்தால் நடந்ததை மட்டும் அறிவோம். பத்தும் குளிர்ந்த குழலிலிருந்தே வர வேண்டும் என்று விரும்பினால் அதற்கும் வழி உண்டு. ஒரே இலக்குத் தாளைப் பத்திரப்படுத்தி, வெவ்வேறு நாட்களில் சுடுதளத்துக்குப் போகும்போதெல்லாம் முதல் தோட்டாவை அதிலேயே சுடுங்கள். பத்து நாளில் சேரும் குரூப், வெவ்வேறு வெயிலும் காற்றும் கைநிலையும் அடங்கியது. வேட்டைக்காரருக்கு அதைவிட நேர்மையான சான்று வேறில்லை.

'குழல் அதிர்வது இயற்பியல். அதிர்வுக்கு ஒத்த மருந்தளவும் இருக்கத்தானே வேண்டும்?' என்பது இரண்டாவது. குழல் அதிர்வது உண்மை. மருந்தை ஏணிபோல் ஏற்றி, தொலைவில் ஒவ்வொன்றாகச் சுட்டு, உயரம் மாறாமல் சேரும் இடத்தைத் தேடும் முறையைக் கிரைட்டன் ஆடெட் பரப்பினார். அனுபவம் மிக்க பலர் அதை நம்புகிறார்கள். கேள்வி அதிர்வு இருக்கிறதா என்பதன்று. அதன் விளைவு வேட்டை ரைஃபிளின் இயல்பான பரப்புக்குள் ஒற்றைத் தோட்டாவால் கண்டறியும் அளவுக்குப் பெரிதா என்பதுதான். சோதனை எளிது. ஏணியை ஒரு முறை சுட்டு அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அதே ஏணியை மறுபடி அடைத்து மறுபடி சுடுங்கள். இரண்டு முறையும் அதே இடத்தில் சேர்ந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். இடம் மாறினால் முதல் முறை கண்டது தற்செயல்.

'பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்கள் ஐந்து தோட்டாவில் மருந்தையும் குண்டின் ஆழத்தையும் சரிசெய்து வெல்கிறார்களே' என்பது மூன்றாவது. அவர்களின் ரைஃபிள்கள் கனமான குழலும், அந்தக் குழலுக்கென்றே செதுக்கிய கூடுகளும் கொண்டவை; இயல்பான பரப்பே மிகச் சிறிது என்பதால் சிறு மாற்றமும் அங்கே தெரியக்கூடும். அதோடு, போட்டியிலும் ஒரு குரூப்பை வைத்து மட்டும் தரம் சொல்வதில்லை. ஐந்து தோட்டா கொண்ட ஐந்து குரூப்பின் சராசரி எடுக்கிறார்கள். மொத்தம் இருபத்தைந்து தோட்டா. அவர்களிடமிருந்து கற்க வேண்டியது அந்தப் பொறுமை.

செலவு நான்காவது மறுப்பு. 2020க்குப் பிறகு சில ஆண்டுகள் பிரைமர் கிடைப்பதே அரிதாக இருந்ததை அனுபவித்தவர்களுக்கு இது நியாயமான கவலை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: பத்து மருந்தளவு, மும்மூன்று தோட்டா என்றால் முப்பது. மூன்று குண்டு, பத்துப் பத்துத் தோட்டா என்றாலும் முப்பதுதான். முதல் முப்பது தோட்டா சொல்வது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டாவது முப்பது ஒரு முடிவைத் தருகிறது. முதல் வழியில் போனவர்தான் திரும்பத் திரும்பத் தேடி நூற்றுக்கணக்கில் செலவழிக்கிறார்.

'இன்றைய கடைத் தோட்டாவே நன்றாக இருக்கிறதே' என்பது கடைசி மறுப்பு, பெருமளவு உண்மையும்கூட. கடைத் தோட்டா ஒன்று உங்கள் ரைஃபிளில் பத்துக்கு ஒன்றரை அங்குலம் போட்டால், துல்லியத்துக்காக மட்டும் கையால் அடைக்க வேண்டியதில்லை. ஆனால் விரும்பிய குண்டைக் குழலுக்கு ஏற்றபடி தேர்வதும், கடைகளில் அருகிவிட்ட பழைய தோட்டா வகைகளை உயிரோடு வைத்திருப்பதும், இந்த ஆண்டு சுட்ட அதே தோட்டாவை அடுத்த ஆண்டும் வேறுபாடில்லாமல் கையில் வைத்திருப்பதும் அடைப்பவருக்குத்தான் எளிது.

வேலைத்திட்டம்

ரைஃபிளின் திருகுகளையும் வாய்விளிம்பையும் சரிபார்த்துவிட்டு, வேட்டைக்கு உகந்த மூன்று குண்டுகளை வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் கையேட்டில் உள்ள மருந்தில் ஒன்றை எடுத்து, தொடக்க அளவிலிருந்து ஒவ்வொன்றாகச் சுட்டு, அழுத்தத்தையும் வேகத்தையும் கவனித்தபடி உச்சத்துக்குச் சற்றுக் கீழே நில்லுங்கள். அந்த அளவில் ஒவ்வொரு குண்டிலும் பத்துத் தோட்டா அடைத்து, குழல் ஆற நேரம் கொடுத்து 100 கஜத்தில் சுடுங்கள். தாளில் விழுந்த எந்த ஓட்டையையும் 'அது என் கைத்தவறு' என்று கழித்துவிடாதீர்கள். விசையை அழுத்திய கணத்திலேயே, ஓட்டையைப் பார்ப்பதற்கு முன்பே தவறு என்று சொல்லியிருந்தால் மட்டும் அதை விலக்கலாம். ஒரு குண்டு தெளிவாக மோசம் என்றால் அதை ஒதுக்குங்கள். மிஞ்சிய இரண்டும் நெருக்கமாக இருந்தால் விலங்குக்குள் நன்றாக வேலை செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுமே இரண்டரை, மூன்று அங்குலம் பரப்பினால் பிழை பெரும்பாலும் ரைஃபிளில் அல்லது ஸ்கோப்பில் இருக்கிறது. மருந்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

தேர்ந்த தோட்டாவின் குறிப்பைப் பெட்டியில் எழுதுங்கள்: குண்டு, மருந்து, பிரைமர், கூடு ஆகியவற்றின் பெயரும் லாட் எண்ணும், மருந்தளவு, மொத்த நீளம், அடைத்த தேதி, பத்துத் தோட்டாக் குரூப்பின் அளவு. இன்னொரு வரியும் வேண்டும். பெஞ்சை விட்டு எழுந்து, காட்டில் உண்மையில் சுடப்போகும் உட்கார்ந்த நிலையிலும் மண்டியிட்ட நிலையிலும் பத்துப் பத்துச் சுட்டு, எட்டு அங்குல வட்டத்துக்குள் பத்தும் விழும் மிகத் தொலைவான தூரத்தைக் கண்டுபிடித்து அதையும் எழுதுங்கள். அது 150 கஜமாக இருந்தால் 150 கஜந்தான் உங்கள் எல்லை, பெஞ்சில் குரூப் எவ்வளவு சிறியதாக இருந்தாலும். இத்தோடு தோட்டாத் தேடலை நிறுத்திவிடலாம். கைவசமுள்ள பிரைமர்களையும் மருந்தையும் அதே தோட்டாவை அடைக்கவே பயன்படுத்தி, அந்த எல்லையை இன்னும் ஐம்பது கஜம் தள்ளப் பயிற்சி செய்வதே இனி உள்ள வேலை.